கீழாநெல்லியும் மஞ்சள் காமாலையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: வரப்பில் முளைத்திருப்பது கீழாநெல்லிதான் என்று எப்படி உறுதி செய்வது?

பதில்: கிளையைத் திருப்பிப் பாருங்கள். புளியிலை போன்ற சிற்றிலைகளின் அடியில், கடுகைவிடச் சற்றுப் பெரிய பச்சைக் காய்கள் மெல்லிய காம்பில் தொங்கினால் அது கீழாநெல்லி. தண்டு சிவந்து, காய்கள் காம்பின்றி ஒட்டியிருந்து, காயின் தோல் சொரசொரப்பாக இருந்தால் அது சிவப்புக் கீழாநெல்லி என்னும் வேறோர் இனம். காய்ந்து பொடியான பிறகு இந்த வேறுபாடுகள் எவையும் கண்ணுக்குத் தெரியா என்பதால், பொடியாக வாங்குவதைவிட வேரோடு பறித்த பச்சைச் செடியையே நான் நம்புவேன். பூச்சிமருந்து தெளித்த வரப்பிலும் சாக்கடையோரத்திலும் பறிக்க வேண்டாம்.

கேள்வி: அப்பாவுக்குக் கண் மஞ்சளாக இருக்கிறது. கீழாநெல்லியை அரைத்து, வெறும் வயிற்றில் மோரில் கலந்து கொடுத்தால் போதுமா?

பதில்: போதாது. காமாலை என்பது ஒரு நோயின் அறிகுறி. அந்த நோய் வைரஸாலும் வரலாம், எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம், மதுவாலோ பித்தக்கல்லாலோ கணையப் புற்றுநோயாலோ கூட வரலாம். ஹெபடைடிஸ் ஏ என்னும் வைரஸ் கல்லீரல் அழற்சி பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடுவதால், அந்த நாள்களில் குடித்த மருந்துக்கு நல்ல பெயர் சேர்ந்துவிடுகிறது. பித்தக்குழாயைக் கல் அடைத்திருந்தாலோ, எத்தனை வேளை அரைத்துக் கொடுத்தாலும் அது நகராது, நாள்தான் வீணாகும். மலம் வெளிறி உடலெங்கும் அரிப்பு இருந்தால் அந்த அடைப்பையே முதலில் சந்தேகிக்க வேண்டும். ஆகவே ரத்தப் பரிசோதனையையும் வயிற்று ஸ்கேனையும் முதலில் செய்துவிடுங்கள். பிதற்றலோ, ஓயாத தூக்கக் கலக்கமோ, ரத்தக் கசிவோ தெரிந்தால் அன்றே மருத்துவமனையில் சேர்த்துவிடுங்கள். காமாலைக்கென்று கண்ணிலும் மூக்கிலும் சாறு பிழியும் வழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள்.

கேள்வி: ஹெபடைடிஸ் பி-யை இந்த மூலிகை குணப்படுத்தும் என்று சென்னையில் நிரூபித்திருக்கிறார்களாமே?

பதில்: 1988-இல் ‘லான்செட்’ மருத்துவ ஆய்விதழில் வெளிவந்த சென்னை ஆய்வைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். முப்பது நாள் மருந்துண்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில், தொற்று இருப்பதைக் காட்டும் வைரஸின் மேற்பரப்புப் புரதம் மறைந்ததாகவும், ஒப்பிடுவதற்காக மருந்துச் சத்தில்லாத போலி மருந்துண்ட 23 பேரில் ஒருவருக்கே அப்படி நிகழ்ந்ததாகவும் அதில் பதிவாகியிருந்தது. எங்கள் துறையையே நிமிர்ந்து உட்கார வைத்த முடிவு அது. ஆனால் தாய்லாந்து உள்ளிட்ட இடங்களில் பின்னர் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. எனவே மருத்துவர் எழுதிக்கொடுத்த வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை இதை நம்பி நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் கல்லீரல் அழற்சி திடீரென முற்றக்கூடும். வீட்டிலுள்ள மற்றவர்களுக்குப் பரிசோதனை செய்து, தேவைப்படுவோருக்குத் தடுப்பூசி போட்டுவிடுங்கள்.

கேள்வி: கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. கர்ப்பத்தின் பிற்பகுதியில் வரும் ஹெபடைடிஸ் ஈ தாயின் உயிருக்கே ஆபத்தாகும். கண் மஞ்சளான அன்றே மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.