மான்ஸ் லிப்ஸ்கமின் திண்ணை – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான கிராமிய ப்ளூஸ் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, டெக்சாஸ் பாடகர் மான்ஸ் லிப்ஸ்கம் பற்றி லெஸ் பிளாங்க் எடுத்த ‘எ வெல் ஸ்பென்ட் லைஃப்’ ஆவணப்படத்தைப் பார்த்தேன். ஏமாற்றமாக இருந்தது. அவர் கிட்டாரை எடுத்துப் பாடத் தொடங்கியதும் கேமரா ஊரைச் சுற்றப் போய்விடுகிறது. சமையல், வேலி, தேவாலயம் என்று எதையெல்லாமோ பார்க்கிறோம். பாட்டு பின்னணியில் கரைகிறது. இன்னொரு டெக்சாஸ் ப்ளூஸ் பாடகரான லைட்னின் ஹாப்கின்ஸ் பற்றி அதே இயக்குநர் எடுத்த படத்திலும் இதே குறைதான். கிட்டார் பயிலும் என்னைப் போன்றவனுக்கு அந்த விரல்களும் ஒரு முழுப் பாடலும்தானே வேண்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் குறையில் பாதி நியாயமானது. அதற்குக் கடைசியில் வருகிறேன். ‘முழுப் பாடல்’ என்ற சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம்.

ஏறக்குறைய மூன்று நிமிடத்தில் தொடங்கி முடிகிற பாடல் என்பது நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டு நம் காதுக்குப் பழக்கிவிட்ட அளவு. 1920களில் பதிவான ப்ளூஸ் பாடகர்கள் அந்தத் தட்டின் ஒரு பக்கத்துக்குள் தங்கள் பாட்டை அடக்க வேண்டியிருந்தது. லிப்ஸ்கமுக்கு அந்தக் கட்டாயம் வாய்க்கவே இல்லை. 1895இல் டெக்சாஸின் நவசோட்டாவுக்கு அருகே பிறந்த அவருடைய குரல் முதன்முதலாகப் பதிவானது 1960இல், அவருடைய 65ஆம் வயதில். ப்ளூஸ் ஆய்வாளர்களான கிறிஸ் ஸ்ட்ராக்விட்சும் மேக் மெக்கார்மிக்கும் அவரைத் தேடிச் சென்று அவருடைய வீட்டிலேயே பதிவுசெய்தார்கள். அதுவரை அவர் வாசித்ததெல்லாம் பெரும்பாலும் சனிக்கிழமை இரவு விருந்துகளில், ஆடுகிறவர்களுக்காக. ஆடுகிறவர்களின் கால் ஓயும்வரை பாட்டு நீளும். தன்னை ப்ளூஸ் பாடகர் என்பதைவிட ‘சாங்ஸ்டர்’ என்று சொல்லிக்கொள்ளவே அவர் விரும்பினார்; கதைப்பாடல், ராக்டைம், வால்ட்ஸ், தேவாலயப் பாடல், பிள்ளைகளுக்கான பாட்டு என்று அந்த ஊர் கேட்டதையெல்லாம் வாசித்தவருக்கு அந்தப் பெயரே பொருத்தம். இப்படிப்பட்டவரின் பாட்டு ஊருக்குள் அலைவதைப் படம் காட்டுகிறது என்றால், அதை நான் கவனச்சிதறலாக எண்ணவில்லை. (நடைமுறைக் காரணம் ஒன்றும் உண்டு: 16 மி.மீ. கேமராவின் 400 அடிச் சுருள் 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும்; அப்படி நீளும் பாட்டை ஒரே மூச்சில் படம்பிடிக்க முடியாது.)

நீங்கள் தேவையற்றவை என்று ஒதுக்கிய வேலிக்கும் வீட்டுக்கும் வருகிறேன், ஏனெனில் எனக்கு அந்தப் படத்தின் மையமே அவைதாம். லிப்ஸ்கம் சிறுவனாக இருந்த காலம் தொட்டு 1956 வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டு, பிறர் நிலத்தில் குத்தகைக்கும் வாரத்துக்கும் பருத்தி விளைவித்தவர். விளைச்சலில் ஒரு பங்கு நிலக்காரருக்கு. வித்துக்கும் சாப்பாட்டுக்கும் முன்பணமாக வாங்கியது அதற்கு மேல். கணக்குப் புத்தகமோ நிலக்காரரின் கையில். அந்த வட்டாரத்தில் பெயர்பெற்ற கொடிய நிலக்காரரான டாம் மூரிடமும் அவர் வேலை செய்தார். தன் தாயையும் மனைவியையும் இழிவாக நடத்திய மேஸ்திரி ஒருவரை அடித்துவிட்டு, அங்கிருந்து தலைமறைவாக ஓடவேண்டியும் வந்தது. அந்தப் பண்ணையைப் பற்றிய பாடலை 1960இல் அவர் பாடிப் பதிவுசெய்தபோது, இசைத்தட்டில் பாடகரின் பெயரே போடப்படவில்லை. அவருடைய பாதுகாப்பை எண்ணித்தான் என்று கருதப்படுகிறது. 1956இல் குத்தகை வேளாண்மையை விட்டபின் ஹூஸ்டனில் ஒரு மரக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே நேர்ந்த விபத்துக்குக் கிடைத்த நஷ்டஈட்டை வைத்துத்தான், அறுபது வயதைத் தாண்டிய பிறகு, நவசோட்டாவில் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கி வீடு கட்டினார்.

1971இல் வெளிவந்த அந்த 44 நிமிடப் படத்தில் அவர் அமர்ந்து பேசுகிற திண்ணையை இதை மனத்தில் வைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள். அடிபட்ட உடம்புக்குக் கிடைத்த பணத்தில் எழுந்த திண்ணை அது. தானும் கணவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடாததற்குப் பல்லாண்டுப் பழைய பிணக்கு ஒன்றைக் காரணமாகச் சொல்லும் மனைவி எல்னோராவும் சொந்த வீட்டில் இருந்துகொண்டுதான் பேசுகிறார். படத்தின் தலைப்புதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. ‘நன்றாகச் செலவிட்ட வாழ்க்கை’ என்கிறார் இயக்குநர். அந்த வாழ்க்கையின் பெரும்பகுதியைச் செலவிட்டவர்கள் நிலக்காரர்கள்.

ஹாப்கின்ஸ் வேறு வகையான மனிதர், ஆகவே அந்தப் படமும் வேறு. முதல் நாள் பத்துப் பாடல்களைப் பாடி முடித்ததும், இனி வேலை இல்லை, கிளம்பலாம் என்று பிளாங்கிடம் சொல்லிவிட்டார். பிளாங்க் அவரோடு சீட்டாட உட்கார்ந்து பணத்தைத் தோற்றார். தோற்கிறவரை வெளியே அனுப்ப ஹாப்கின்ஸுக்கு மனம் வரவில்லை, படப்பிடிப்பு தொடர்ந்தது. எனக்குப் பிடித்த கதை இது. ஹாப்கின்ஸ் கேமராவுக்கு முன்னால் ஹாப்கின்ஸாக நடிக்கத் தெரிந்தவர்; கண்ணாடி, தொப்பி, பேச்சு எல்லாம் தயாராக இருக்கும். அந்தப் படத்தில் லிப்ஸ்கமும் சிறிது நேரம் வருகிறார். 1938இல் கால்வெஸ்டனில் முதன்முதலாகச் சந்தித்து, பின்னர் ஹூஸ்டன் மதுக்கடைகளில் ஒரே கேட்பவர்களுக்காகப் போட்டியிட்ட இருவர் அவர்கள். இருவரும் வரும் காட்சியில் ஹாப்கின்ஸ் இடத்தை நிரப்புகிறார். லிப்ஸ்கம் இடம் விட்டு உட்கார்ந்திருக்கிறார். இரண்டு படங்களும் வெவ்வேறு தொனியில் அமைந்ததற்கு அந்த ஒரு சட்டகமே போதுமான விளக்கம்.

இனி உங்கள் பக்கத்து நியாயம். லிப்ஸ்கமின் இசையில் கட்டைவிரல் ஒரே தாளத்தில் தாழ்சுரத் தந்தியை அடித்துக்கொண்டே இருக்கும். ஆடுகிறவர்களுக்கு மத்தளம் அதுதான். மற்ற விரல்கள் உயர்சுரத் தந்திகளில் மெட்டைப் பாடும். சில பாடல்களில் பேனாக்கத்தியைத் தந்திமீது வழுக்கி வாசிப்பார். கையிலிருந்து கேமரா நகரும் ஒவ்வொரு முறையும், அந்தக் கட்டைவிரல் எவ்வளவு குறைவாக அசைகிறது என்பதைக் காணும் வாய்ப்பை இழக்கிறோம். பயில்கிறவருக்கு அது பெரிய இழப்புதான், மறுக்கமாட்டேன். அதற்கு 1969இல் ஆஸ்டினில் படமாக்கப்பட்ட அவருடைய கச்சேரி இருக்கிறது. அதில் திண்ணையும் இல்லை, எல்னோராவும் இல்லை. வலதுகையை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு பாடலை நான்கைந்து முறை கேளுங்கள். கட்டைவிரல் பிடிபட்டபின், பிளாங்கின் படத்தில் கேமரா வேலியைக் காட்டும்போதும் அது அடித்துக்கொண்டிருப்பது உங்கள் காதில் விழும்.