வாடகை ஆம்பில் செருகினால் மாடலரின் டோன் ஏன் கெட்டுப்போகிறது?

கேள்வி இதுதான்: வீட்டில் ஹெட்போனில் பிரமாதமாகக் கேட்கிற எச்எக்ஸ் ஸ்டாம்ப் (ஆம்ப், ஸ்பீக்கர் சத்தங்களைப் போலச் செய்கிற மாடலர் பெட்டி) பேட்ச், அதாவது அதில் சேமித்து வைத்த டோன், நிகழ்ச்சியில் வாடகைக்கு வந்த ஆம்பில் செருகினால் மூக்கடைத்த மாதிரி வருகிறது, என்ன செய்யலாம்?

முதலில் பேட்சில் இருக்கும் கேபினட் பிளாக்கை அணைத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள். ஹெட்போனுக்கும் மிக்ஸருக்கும் அது கட்டாயம் வேண்டும், ஏனென்றால் ஸ்பீக்கரும் அதன் முன்னால் வைத்த மைக்கும் சேர்ந்து செய்கிற வேலையை அதுதான் செய்கிறது. ஆனால் மேடையில் இருப்பது நிஜமான கிடார் ஸ்பீக்கர், அது ஏற்கெனவே 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதைப் பெரும்பாலும் வெட்டிவிடும். இரண்டு தடவை வெட்டினால் மிச்சம் என்ன இருக்கும்?

அடுத்தது, எந்த ஓட்டையில் செருகுகிறீர்கள் என்பது. எல்லோரும் முன்பக்க இன்புட்டில்தான் செருகுவார்கள். அங்கே போனால் மாடலருக்குள் ஒரு ப்ரீஆம்ப் (டோனை வடிவமைக்கிற முதல் கட்டம்), வெளியே இன்னொரு ப்ரீஆம்ப் என்று ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்காரும். பின்னால் போய் எஃபெக்ட்ஸ் லூப்பில் (வெளி எஃபெக்ட்களைக் கோக்கிற சென்ட், ரிட்டர்ன் ஓட்டைகள்) ‘ரிட்டர்ன்’ என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அதில் செருகினால் ஆம்பின் ப்ரீஆம்பைத் தாண்டி நேராகப் பவர் ஆம்புக்கு, அதாவது ஸ்பீக்கரை ஓட்டுகிற கடைசிக் கட்டத்துக்குப் போய்விடலாம். ஒரு எச்சரிக்கை: சில ஆம்ப்களில் ரிட்டர்ன் வழியாக நுழைந்தால் முன்பக்க வால்யூம் குமிழ் வேலையே செய்யாது. மாடலரின் வால்யூமை அடியில் வைத்துக்கொண்டு பிறகு மெதுவாக ஏற்றுங்கள், இல்லையென்றால் முதல் கார்டிலேயே டிரம்மர் எழுந்து ஓடிவிடுவார். லூப்பில் மிக்ஸ் குமிழ் இருந்தால் முழுக்க வெட் (ரிட்டர்னில் வருகிற சிக்னல்) பக்கம் திருப்பிவிடுங்கள்.

வாடகைக்கு அடிக்கடி வருவது ரோலண்ட் ஜேசி-120. 1975இல் வந்த மாடல், இன்னும் ஓடுகிறது. லூப் உள்ள ஜேசியின் பின்னால் +4, -20 என்று ஒரு சுவிட்ச் இருக்கும். மாடலர் லைன் லெவலில் (பலமான சிக்னல்) அனுப்பினால் +4, இன்ஸ்ட்ருமென்ட் லெவல் (கிடார் அளவுக்கு மெல்லிய சிக்னல்) என்றால் -20. ஃபெண்டர் ‘65 ட்வின் ரிவர்ப் வந்தால் லூப்பே கிடையாது, வேறு வழியில்லாமல் முன்பக்கம்தான். அப்போது மிட்டை முழுக்க ஏற்றி, பேஸையும் ட்ரெபிளையும் நன்றாக இறக்குங்கள். அந்த ஆம்பின் டோன் குமிழ்கள் இயல்பாகவே நடு அலைவரிசையைக் குழிக்கும், இப்படி வைத்தால்தான் ஓரளவு சமமாக வரும்.

அப்புறம், ஆடியன்ஸுக்குக் கேட்கப்போவது அந்த ஆம்ப் இல்லை, பிஏ, அதாவது அரங்கத்தின் பெரிய ஸ்பீக்கர்கள். என்னைக் கேட்டால் வாடகை ஆம்பை உங்கள் மானிட்டராக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாம்பில் கேபினட்டுக்கு முன்னால் ஒரு சென்ட் பிளாக் (சிக்னலைப் பிரித்து வெளியே அனுப்புவது) போட்டு, அந்த சென்ட் ஜாக்கிலிருந்து ஆம்ப் ரிட்டர்னுக்கு ஒரு கேபிள். மெயின் அவுட்டில் கேபினட்டோடு சேர்ந்த டோன் டிஐ பாக்ஸ் (சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றுகிற சின்னப் பெட்டி) வழியாக மிக்ஸருக்கு. ஆம்ப் எவ்வளவு மட்டமாக வந்தாலும் வெளியே போகிற டோன் மாறாது, மேடையில் நீங்கள் ஆம்பை ஏற்றினாலும் சவுண்ட் இன்ஜினியர் திட்டமாட்டார்.

நான்கு கேபிள் முறையைச் சிலர் சிபாரிசு செய்வார்கள், அதாவது ஆம்பின் சொந்த ப்ரீஆம்பையும் மாடலரின் எஃபெக்ட்களையும் லூப் வழியாகச் சேர்த்துப் பயன்படுத்துவது. சொந்த ஆம்ப் என்றால் அருமை. வாடகை ஆம்பில் அது வீண் வேலை என்பது என் கருத்து. எந்த ப்ரீஆம்ப் வரும் என்றே தெரியாமல் அதை நம்பிப் பேட்ச் எழுதுவதும், அவசர சவுண்ட் செக்கில் நான்கு நீளக் கேபிளைக் கோப்பதும், நடுவில் எங்கிருந்தோ வருகிற ஹம்மை (மின்சார இரைச்சலை) தேடுவதும் தேவையா?

ஹம் வந்தால் முதலில் டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் (ஆடியோ கேபிளின் கிரவுண்ட் இணைப்பை மட்டும் துண்டிக்கிற) பொத்தானை அழுத்துங்கள். “எர்த் பின்னைக் கழற்றிடலாம் சார்” என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், 230 வோல்ட், உங்கள் கை கம்பியில் இருக்கிறது. வால்வ் ஆம்ப் என்றால் இன்னொன்று: ரிட்டர்னில் செருகினாலும் ஸ்பீக்கர் கேபிளைப் பிடுங்கக் கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

முடிந்தால் முந்தின நாளே வாடகைக்காரரிடம் ஆம்பின் பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். மாடல் பெயரை மட்டும் கேட்டால் “மார்ஷல் சார்” என்று முடித்துவிடுவார்கள், லூப் இருக்கிறதா என்பது அதில் தெரியாது.