நீச்சல் குளமே இல்லாத ஊரில் இருந்துகொண்டு, 30 வயதுக்கு மேல் டிரையத்லான் நீச்சலுக்குப் பயிற்சி எடுக்க முடியுமா?

முடியும். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்கிற இந்தப் போட்டிக்கு நான் 34 வயதில் பயிற்சியைத் தொடங்கினேன்.

"கடல் பக்கத்திலேயே இருக்கிறது, குளம்தான் இல்லை" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் "கடற்கரையில் பிறந்துவிட்டு நீச்சல் தெரியாதா?" என்று உங்களையும் நாலு பேர் கேட்டிருப்பார்கள். எனக்கு அந்தக் கேள்வி கொஞ்சம் ஆழமாகவே குத்தும். அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் ஊர் பாம்பன். அம்மா பாசி எடுக்கப் போகிறவள். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: மன்னார் வளைகுடாப் பக்கம் பாறைகளில் மரிக்கொழுந்துப் பாசி வளரும். பெண்கள் வள்ளத்தில் போய், முங்கி முங்கி அதைப் பறித்து வருவார்கள். சேலைக்கு மேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை, விரல் ஒவ்வொன்றிலும் சுற்றிய துணி, கண்ணுக்குக் கண்ணாடி, இடுப்பில் பை. பாறை கிழித்த தழும்பு அம்மாவின் இரண்டு உள்ளங்கையிலும் இருக்கிறது. நான் இன்று ராமநாதபுரத்தில் ஒரு மருத்துவ ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். கிருமி வளர்க்கும் தட்டில் ஊற்றுகிற அகார் இந்த மாதிரிப் பாசியிலிருந்துதான் வருகிறது. அந்தத் தட்டை எடுக்கும்போதெல்லாம் எனக்கு அம்மாவின் கை ஞாபகம் வரும்.

அப்படிப்பட்டவள் எனக்கு நீச்சல் சொல்லித்தரவில்லை. மறந்துபோய் அல்ல, வேண்டுமென்றேதான். "நீச்சல் தெரிஞ்சா நீயும் பையைக் கட்டிக்கிட்டு என் பின்னாடி வந்துருவ புள்ள" என்பாள். ஆறாம் வகுப்பிலேயே விடுதியில் சேர்த்துவிட்டாள். ஆகவே "பாசிக்காரி மகளுக்கு நீச்சல் தெரியாதா?" என்று கேட்டவர்களே, காரணம் இதுதான்.

சரி, டிரையத்லானுக்கு வருகிறேன். எங்களில் நாலைந்து பேர் விடிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள் ஓட்டுவோம். அதில் ஒரு அண்ணன்தான் ஸ்பிரிண்ட் டிரையத்லான் பற்றிச் சொன்னார்: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். பின் இரண்டும் கைவசம் இருந்தன. நீச்சலுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரைக்குப் பஸ் ஏறி, 25 மீட்டர் குளம் ஒன்றில் காசு கட்டிக் கற்றேன். மூன்று மாதத்தில் 30 தடவை இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்விட்டேன். கணக்குப்படி அது 750 மீட்டர்தான்.

ஆனால் நடந்தது வேறு. ஒவ்வொரு 25 மீட்டருக்கும் சுவர் வந்தது. சுவரைத் தொட்டு, ஒரு மூச்சு இழுத்து, காலால் உதைத்துத் தள்ளிக்கொண்டு புறப்பட்டேன். 29 தடவை அந்தச் சுவர் என்னைக் காப்பாற்றியிருக்கிறது. அதை நான் கவனிக்கவே இல்லை.

முதல் போட்டி சென்னைப் பக்கம் ஒரு கடற்கரையில். இறங்கி இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. பக்கத்தில் ஒருவர் கை என் தோளில் இடித்தது, ஒரு வாய் உப்புத் தண்ணீர் உள்ளே போனது, அடுத்த மூச்சு வரவில்லை. நெஞ்சில் யாரோ கயிற்றை இறுக்குவது போல இருந்தது. கையைத் தூக்கினேன், படகில் ஏற்றிவிட்டார்கள். போட்டி அத்தோடு முடிந்தது. மிதவையையோ, நிற்கிற படகையோ பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கலாம், அதைப் பிடித்து முன்னால் நகரத்தான் கூடாது என்று விதி இருப்பதை அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. நீங்கள் இதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று உண்டு என்ற நினைப்பே பாதிப் பயத்தைத் தணிக்கும்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் அம்மா என்னை வடகடலுக்கு, அதாவது பாக் நீரிணைப் பக்கக் கடலுக்குக் கூட்டிப் போனாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று, "நீந்து, பார்ப்போம்" என்றாள். பத்துக் கை போட்டிருப்பேன், நிறுத்தச் சொன்னாள்.

"எதுக்கு மூச்சைப் பிடிச்சிருக்க?"

"தண்ணிக்குள்ள முகம் இருக்கே அம்மா."

"கீழ போறவதான் மூச்சைப் பிடிக்கணும். நீ மேலயே போறவ. உனக்கு எதுக்கு? உள்ளயே விட்டுரு."

மதுரைப் பயிற்சியாளரும் இதையேதான் சொல்லியிருந்தார், எனக்குத்தான் ஏறவில்லை. முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே மூக்கு வழியாகக் குமிழி விட்டு மூச்சைக் காலி செய்துவிட வேண்டும். தலையைத் திருப்புகிற அரை நொடி இழுப்பதற்கு மட்டும்தான். முகத்தை வெளியே எடுத்த பிறகு மூச்சை விட்டு, அப்புறம் இழுக்கலாம் என்றால் நேரம் போதாது. மூச்சு முட்டுவது பெரும்பாலும் காற்று குறைவதால் அல்ல, உள்ளே கரியமில வாயு தேங்குவதால். ஆய்வகத்தில் வேலை பார்க்கிற எனக்குத் தெரிந்த பாடம்தான், உடம்புக்குத் தெரியவில்லை. இரண்டு வாரம் நீந்தவே இல்லை. நின்ற இடத்தில் முகத்தை முக்கிக் குமிழி விட்டேன். அம்மா பக்கத்தில் நின்று குமிழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விட்டு விட்டு வந்தால் "பயப்படுற" என்பாள். ஒரே சரடாக வந்தால் ஒன்றும் சொல்ல மாட்டாள்.

பிறகு தூரம். கரையோரமாக ஒரு பழைய வள்ளத்திலிருந்து ஒரு தென்னை வரை அளந்தோம், 150 மீட்டர் வந்தது. ஐந்து தடவை போனால் கணக்குச் சரி. அம்மா கரையில் உட்கார்ந்து ஒவ்வொரு தடவைக்கும் ஒரு சிப்பியை மடியில் போடுவாள். திசை பார்ப்பதற்குப் பத்துக் கைக்கு ஒருமுறை கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேல் தூக்க வேண்டும். முழுத் தலையையும் தூக்கினால் இடுப்பு தாழ்ந்துவிடும். நான் ரயில் பாலத்தை அடையாளம் வைத்துக்கொண்டேன். இப்போது 2025இல் திறந்த புதுப் பாலத்தின் தூக்குக் கோபுரம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

கடலில் பயிற்சி ஆபத்து என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு: எனக்கும் தெரியும். நான் பயிற்சியாளர் இல்லை, என் அனுபவத்தைத்தான் சொல்கிறேன். தனியாக ஒரு நாளும் இறங்கியதில்லை. இடுப்பில் ஆரஞ்சு மிதவை கட்டாமலும் இறங்கியதில்லை. பாம்பன் கால்வாய்ப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன். இரண்டு கடலுக்கும் நடுவில் நீரோட்டம் இழுக்கிற இடம் அது. தனுஷ்கோடி அரிச்சல்முனையும் அப்படித்தான். கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் தென்கடல் (மன்னார் வளைகுடாப் பக்கம்) பொங்கும், வடகடல் கண்மாய் மாதிரிக் கிடக்கும். ஆனால் அந்தக் காற்று கரையிலிருந்து கடலுக்குள் தள்ளுகிற காற்று. தண்ணீர் அமைதியாக இருக்கிறதே என்று உள்ளே போய்விட்டால் திரும்புவது பெரும்பாடு. கரையை ஒட்டியே, நெஞ்சளவு ஆழத்தைத் தாண்டாமல் நீந்துங்கள். ஐப்பசிக்கு மேல் வாடை தொடங்கினால் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் ஓரளவு அடங்கும். இறங்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தே நடங்கள், திருக்கை கிடந்தால் விலகிப் போகும். சொறி (ஜெல்லி மீன்) பட்டால் தேய்க்கவோ நல்ல தண்ணீர் ஊற்றவோ கூடாது. கடல் தண்ணீராலேயே அலசுங்கள். மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

உடை பற்றி: முழுக்கால், முழுக்கை நீச்சல் உடைதான் போடுகிறேன். அதையும் குறை சொன்னவர்கள் உண்டு. அம்மா ஈரச் சேலையோடு கரையேறியபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அது பிழைப்பு என்பதால். மகள் ஆசைக்கு நீந்தினால் மட்டும் வேடிக்கையாகிவிடுகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1966இல் மிகிர் சென் பாக் நீரிணையை நீந்திக் கடந்தார். 1994இல் 12 வயதில் குற்றாலீஸ்வரன் கடந்தார். இருவர் மேலும் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அதே கடல் பக்கத்தில் முப்பது வருடம் முங்கி எழுந்த பெண்களை யாராவது நீச்சல்காரர் என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? கூலிக்காரி என்றுதான் சொல்வார்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் இதையும் எழுதாமல் விட மனசில்லை. கடலில் நீந்திவிட்டு வந்தால் உப்பை அலச ஒன்றிரண்டு குடம் நல்ல தண்ணீர் வேண்டும். எங்கள் தெருவில் தண்ணீரைக் குடக்கணக்கில் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம். சென்னையில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போனபோது, "தண்ணியில்லாக் காட்டிலிருந்து நீச்சல் போட்டிக்கா?" என்று ஒருவர் எல்லோர் முன்னாலும் சிரித்தார். பிடிக்காத அதிகாரியைத் தண்டிக்க எங்கள் மாவட்டத்துக்கு மாற்றுவார்கள் என்பதைச் சிரிப்பாகச் சொல்கிறவர்கள், இங்கேயே பிறந்து இங்கேயே வாழ்கிற எங்களை என்ன நினைக்கிறார்கள்? அன்று பதில் சொல்லாமல் வந்தது இன்னும் உறுத்துகிறது.

இரண்டாவது போட்டியில் 750 மீட்டரை 24 நிமிடத்தில் முடித்தேன். வேகமில்லை, தெரியும். ஓரமாக, கூட்டத்தை முன்னால் விட்டுவிட்டுக் கடைசியில்தான் கிளம்பினேன். நடுவில் ஒருமுறை மிதவையைப் பிடித்து நாலு மூச்சு வாங்கினேன். கால்களை அதிகம் உதைக்கவில்லை, சைக்கிளுக்கு வேண்டுமே. கரையேறியதும் காலில் மணல் பட்டபோது வந்த அழுகையை அடக்கவில்லை. அம்மாவுக்குப் போன் செய்தேன். "சொறி இருந்துச்சா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

இப்போது 1.5 கிலோமீட்டருக்குத் தயாராகிறேன். மடியில் பத்துச் சிப்பி.

எந்த ஊர் என்று நீங்கள் சொல்லவில்லை. தொண்டி, தேவிபட்டினம் பக்கம் என்றால் வாடை ஓய்ந்த பிறகு தொடங்குங்கள். கீழக்கரை, ஏர்வாடி என்றால் கச்சான் தொடங்கும் முன் அடிப்படையைக் கற்றுவிடுங்கள். பாம்பன் பக்கம் வர முடிந்தால் எழுதுங்கள். பாசிக்குப் போகாத நாட்களில் காலை ஆறு மணிக்கு அம்மாவும் நானும் கரையில்தான் இருப்போம்.