சென்னை ஜார்ஜ் டவுன் பிளாட்பாரத்தில் குடும்பம் நடத்துவது எப்படி இருக்கும்?

கேள்வியின் கீழே, "இவ்வளவு கஷ்டப்பட்டு அங்கே ஏன் இருக்க வேண்டும், ஊருக்கு வெளியே வீடு கொடுத்தால் போகலாமே?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். பதினாறு வயது வரை ஏழுகிணறு பக்கம் ஒரு குடோன் சுவரை ஒட்டி வளர்ந்தவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

சுவரில் நாலு ஆணி, ஒரு தார்ப்பாய், உள்ளே ஒரு மரப்பெட்டி. வீடு என்றால் அவ்வளவுதான். அதுவும் சாமான்களுக்கு. சமைப்பது, தலை வாருவது, சண்டை போடுவது எல்லாம் தெருவில். பகலில் கடைக்காரர்களின் தெரு. ராத்திரி ஷட்டர் இறங்கினால் எங்களுடையது. படுப்பதற்கு ஒரு வரிசை உண்டு. ரோட்டு ஓரம் ஆண்கள், சுவர் ஓரம் வயசுப் பெண்கள், இரண்டு முனையிலும் கிழவிகள். கிழவிகளுக்குத் தூக்கம் வராது என்பதால் அந்த ஏற்பாடு. எங்கள் ஆயா உட்கார்ந்தபடியே விடியவைத்த ராத்திரிகள் நிறைய.

பிழைப்பு பக்கத்தில் இருந்த மொத்தக் காய்கறிச் சந்தையான கொத்தவால் சாவடியை நம்பி இருந்தது. நள்ளிரவுக்கு மேல் காய்கறி லாரிகள் வரும். மூட்டை இறக்கும்போது சிதறுகிற வெங்காயம், மிளகாய், நசுங்கின தக்காளி இதையெல்லாம் அம்மா பொறுக்கி வந்து, அழுகலைக் கிள்ளி எறிந்துவிட்டு, காலையில் கூறு கட்டி விற்பார். பொறுக்குவது என்றால் யார் வேண்டுமானாலும் குனிந்து எடுத்துவிட முடியாது. எந்த மண்டி வாசல் யாருக்கு என்று பேச்சு இருந்தது, அதை மீறினால் குடுமிப்பிடிதான். அப்பா ஆண்டர்சன் தெருவில் மீன்பாடி என்கிற மூன்று சக்கரச் சரக்கு வண்டி ஓட்டினார். பெயர்தான் மீன்பாடி, ஏற்றினதெல்லாம் பேப்பர் பண்டல்.

கையில் காசு இல்லாத நாளுக்குத் தண்டல், அதாவது தினத் தவணைக் கடன். ஆயிரம் ரூபாய் கேட்டால் 850 கையில் வரும். தினம் பத்து ரூபாயாக நூறு நாள் கட்ட வேண்டும். கணக்குப் பார்த்தால் கொடுமைதான். ஆனால் கதவு எண்ணே இல்லாத எங்களை நம்பிக் கடன் கொடுக்க வேறு யார் இருந்தார்கள்? தண்டல்காரருக்கு எங்கள் முகம் தெரியும், சாயங்காலம் எங்கே நிற்போம் என்பதும் தெரியும். அதுதான் எங்களுக்கு அட்ரஸ் புரூஃப்.

தண்ணீரைப் பற்றி ஒன்று. 1772-இல் கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுபோகத் தோண்டிய கிணறுகளால் வந்த பெயர் ஏழுகிணறு. அந்தப் பெயருள்ள இடத்தில் நாங்கள் குடத்தை வரிசையில் போட்டுத் தண்ணி லாரிக்குக் காத்திருந்தோம். சின்ன வயதில் இது எனக்கு வேடிக்கையாகத் தோன்றவில்லை, வரலாறு பிற்பாடுதான் தெரிந்தது. குளியல் விடிவதற்குள் முடிந்துவிட வேண்டும், அதிலும் பெண்களுக்கு. மழைக்காலத்தைச் சொல்ல ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது.

1996-இல் காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்குப் போனது. நெரிசலுக்கு அது தேவைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் சிதறின வெங்காயமும் கூடவே போய்விட்டது. அம்மா கொஞ்ச நாள் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தார். அங்கே எந்த வாசலும் அவருக்கு இல்லை. அப்புறம் பாத்திரம் தேய்க்கப் போனார். தெருவில் பாதிப்பேர் அந்த ஒரு வருடத்தில் தொழில் மாறினார்கள்.

சரி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எங்கள் சித்திக்கு நீங்கள் சொல்கிற மாதிரி ஊருக்கு வெளியே, கண்ணகி நகரில் வீடு கிடைத்தது. கதவு, தாழ்ப்பாள், மேலே கான்கிரீட். முதல் நாள் கதவைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தாராம். ஆனால் அவர் இட்லி விற்றது பிராட்வே பக்கம், மூட்டை தூக்குபவர்களுக்கு. விடியற்காலை நாலு மணிக்கு அடுப்பு எரிய வேண்டும். சுமார் இருபது கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டு அந்த நேரத்துக்கு எந்த பஸ்ஸில் வருவது? திங்கள் முதல் சனி வரை பழைய சுவரடியிலேயே படுத்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய் வீட்டைப் பெருக்கிவிட்டு வருவார். சாவி எப்போதும் இடுப்புச் சுருக்குப் பையில், சில்லறையோடு கிடக்கும்.