தக்காளிக்குப் பள்ளி விடுமுறை தெரியாது

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் சிரித்துவிட்டேன். பதினாறு ஆண்டுகளுக்கு முன் நானும் இதையேதான் கேட்டேன். நீங்கள் மெல்போர்னுக்கு வந்து நான்கு மாதம், உங்கள் மகன் பக்கத்து அரசுப் பள்ளியில் பிரெப் என்ற முதல் வகுப்பில். சனிக்கிழமை காலை பெற்றோர் வந்து மைதானத்தில் வேலை செய்ய வேண்டும் என்று கடிதம் வந்திருக்கிறது, தோட்டப் பராமரிப்புக்குப் பணமும் கேட்கிறார்கள், மதியச் சாப்பாடும் தருவதில்லை. 'அரசு செய்ய வேண்டியதை நாம் ஏன் செய்ய வேண்டும், போகாவிட்டால் பிள்ளையை வேறு மாதிரி நடத்துவார்களா?' என்கிறீர்கள்.

நடத்த மாட்டார்கள். சனிக்கிழமை யார் வந்தார், யார் வரவில்லை என்பது வகுப்பாசிரியருக்குத் தெரிவதே அபூர்வம். பணமும் அப்படித்தான். மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தின் அரசுப் பள்ளிகளில் அது விருப்பக் கொடை. கொடுக்காததற்காகப் பிள்ளைக்குப் பாடத்தில் எதையும் மறுக்க முடியாது. ஆக, போகாமலே இருக்கலாம். ஆனாலும் போங்கள் என்பதுதான் என் கட்சி.

அந்தச் சனிக்கிழமை வேலைக்கு இங்கே 'வொர்க்கிங் பீ' என்று பெயர். முதல் முறை நான் செருப்போடு போய் நின்றேன். மண்வெட்டியும் தள்ளுவண்டியும் ஓடுகிற இடத்தில் விரல் தெரியும் செருப்புக்கு அனுமதி இல்லை என்று, சாசேஜ் என்னும் இறைச்சிப் பண்டம் சுடும் அடுப்பருகே வெங்காயம் வதக்க அனுப்பிவிட்டார்கள். தண்டனை என்று நினைத்தேன். உண்மையில் அதைவிட நல்ல இடம் கிடையாது. மூன்று மணி நேரத்தில் பள்ளியின் பாதிப் பெற்றோர் பசியோடு என் முன்னால் வந்து நின்றுவிட்டார்கள். பேச்சுக்குத் தலைப்புத் தேட வேண்டியதில்லை, வெங்காயம் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டால் போதும். தேர்தல் நாட்களிலும் இதே அடுப்புதான். பள்ளிகளே வாக்குச்சாவடிகள் என்பதால், வாக்களிக்க வருபவர்களுக்குச் சாசேஜ் விற்றுப் பெற்றோர் பணம் சேர்ப்பார்கள். 'டெமாக்ரசி சாசேஜ்' என்ற அந்தச் சொல் 2016இல் ஆஸ்திரேலியாவின் ஆண்டுச் சொல்லாகவே தேர்வானது. வாக்களிக்கக் குடியுரிமை வேண்டும். வெங்காயம் வதக்க வேண்டாம்.

இரண்டாம் முறை மூடிய காலணியோடு போனேன். பாத்திகளுக்கு மூடாக்குப் போட வைக்கோல் வாங்கிவரும் பொறுப்பை நானாகவே கேட்டு வாங்கிக்கொண்டேன். விலை குறைவாக ஒரு கட்டு கண்ணில் பட்டதும் மிச்சம் பிடித்த பெருமையோடு அதைத் தூக்கி வந்தேன். அது வைக்கோல் அல்ல, விதையோடு அறுத்துக் காயவைத்த தீவனப்புல். மழை பெய்ததும் கீரைப் பாத்தி முழுவதும் புல்வெளியாகிவிட்டது. யாரும் திட்டவில்லை. ஆனால் இரண்டு மாதம் மாலை தோறும் மகளை அழைக்கப் போகும்போது அரைமணி முன்னதாகப் போய்க் களை பிடுங்கினேன். பள்ளி வாசலில் ஆண்டுக்கணக்காக 'ஹாய்' மட்டும் சொல்லிப் போன முகங்கள், நான் குனிந்து களை பிடுங்குவதைப் பார்த்த பிறகுதான் நின்று பேசின. அவர்களில் இருவர் இன்றும் என் வீட்டுச் சாவி வைத்திருக்கிறார்கள்.

தோட்டம் என்றதும் எல்லோரும் தக்காளிக்குத்தான் ஆசைப்படுவார்கள். மெல்போர்னில் நவம்பர் முதல் செவ்வாய், அதாவது குதிரைப் பந்தயக் கோப்பை நாளை ஒட்டித் தக்காளி நடுவது வழக்கம். அதற்கு முன் மண்ணில் குளிர் போகாது. நட்டது காய்த்துப் பழுக்க ஜனவரி ஆகிவிடும். பள்ளியோ டிசம்பர் பிற்பகுதியில் மூடி ஜனவரி கடைசியில்தான் திறக்கும். நாற்பது டிகிரியைத் தாண்டும் வெயில் நாட்களும் அந்த ஆறு வாரத்தில் வரும். ஆர்வமாக நட்ட பிள்ளைகள் திரும்பி வந்து பார்ப்பது காய்ந்த குச்சிகளை. என்னைக் கேட்டால் தக்காளி பள்ளிக்கூடப் பயிரே அல்ல. ஏப்ரல், மே மாதங்களில், இங்கே குளிர்காலம் தொடங்கும் முன், பிராட் பீன்ஸ், பட்டாணி, சில்வர்பீட் கீரை போட்டால் குளிர்காலமெல்லாம் மழையே பார்த்துக்கொள்ளும். பள்ளி நடக்கும்போதே பறித்துச் சமைக்கலாம். இதைச் சொல்லித் தோற்றுப்போனேன். தக்காளிதான் வேண்டும் என்றார்கள்.

சரி, விடுமுறையில் தண்ணீர் யார் ஊற்றுவது? பட்டியல் சுற்றுக்கு வந்தது. எல்லோரும் கடற்கரைக்கோ முகாமுக்கோ போகிறவர்கள். எனக்கு அந்த ஆண்டு டிக்கெட் வாங்கக்கூடப் பணம் இல்லை, எங்கும் போகப் போவதில்லை. நான்கு வாரத்துக்கு என் பெயரை எழுதினேன். ஒரு மாணவியின் கிரேக்கத் தாத்தா வேலிக்கு வெளியே நின்று நான் தண்ணீர் விடுவதைச் சகிக்க முடியாமல் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் உள்ளேயே வந்துவிட்டார். இலை மேல் ஊற்றாதே, வேரில் ஊற்று. பக்கக் கிளைகளைக் கிள்ளிவிடு. ஆங்கிலம் இருவருக்கும் அரைகுறை என்பதால் எல்லாம் கையாலேயே சொன்னார். பிப்ரவரியில் வகுப்புக்கு ஒரு கூடை பழம் போனது.

இப்போது சாப்பாடு. இங்கே பெரும்பாலான பள்ளிகளில் மதிய உணவு கிடையாது. 2016 முதல் மாநில அரசு ஃபுட்பேங்க் என்ற தொண்டு அமைப்பு வழியாகப் பல பள்ளிகளில் இலவசக் காலை உணவு தருகிறது. உங்கள் பள்ளியில் உண்டா என்று அலுவலகத்தில் கேளுங்கள். மதியத்துக்கு டப்பாதான். சிறு வகுப்புகளில் பத்து நிமிடம் போல வகுப்பிலேயே உட்கார்ந்து சாப்பிடவிட்டு வெளியே அனுப்பிவிடுவார்கள், சூடாக்கித் தர ஆள் இருக்காது. ஆகவே ஐந்து வயதுக் கையால் தானே திறக்கக்கூடிய டப்பா, பத்து நிமிடத்தில் தீரக்கூடிய அளவு. சத்தைப் பற்றிய கவலையெல்லாம் அதற்குப் பிறகு.

கேன்டீன் இருந்தால் அதற்கு மாநில விதி உண்டு. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று உணவுகளைப் பிரித்திருக்கிறார்கள். சத்துக் குறைந்த சிவப்பு வகை ஒரு பள்ளிப் பருவத்தில் இரண்டு முறைக்கு மேல் கூடாது, மிட்டாய் அறவே கூடாது. விதி இருந்தும் எங்கள் கேன்டீனில் ஆண்டு முழுவதும் உறைபெட்டியிலிருந்து எடுத்துச் சூடாக்கும் 'மீட் பை' என்ற இறைச்சி அப்பம்தான். நாங்கள் சிலர் கடிதம் எழுதினோம், கூட்டத்தில் பேசினோம். அசையவில்லை. பிறகுதான் உறைத்தது: அந்த அப்பத்தை அடுப்பில் வைக்க ஒருவர் போதும், சாலட் ரோல் என்றால் காய் கழுவ, நறுக்க, சுற்ற நான்கு பேர் வேண்டும். அங்கே இருந்தது ஒரே ஒரு அம்மா. வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் மூவர் கத்தி பிடிக்கப் போனோம், அடுத்த பருவத்தில் பட்டியலே மாறிவிட்டது.

தோட்டத்தையும் சமையலையும் சேர்த்துப் பாடமாகவே நடத்தும் பள்ளிகளும் இருக்கின்றன. சமையற்கலைஞர் ஸ்டெஃபனி அலெக்சாண்டர் 2001இல் காலிங்வுட் காலேஜ் என்ற மெல்போர்ன் பள்ளியில் தொடங்கியது அது. 2004இல் அதற்கென ஓர் அறக்கட்டளையும் அமைத்தார். அதைப் பார்த்துவிட்டு வந்து முதல் கூட்டத்திலேயே பெரிய திட்டத்தை விரிக்காதீர்கள். புதிதாக வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். நான் உட்பட. பெரிய மாற்றம் வேண்டுமானால் பள்ளியின் நிர்வாகக் குழுவான பள்ளிக் கவுன்சில் இருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெற்றோர்தான், ஆண்டுத் தொடக்கத்தில் தேர்தல் வரும். ஓராண்டு களை பிடுங்கிவிட்டு அந்தத் தேர்தலில் நில்லுங்கள்.

வகுப்பிலோ கேன்டீனிலோ உதவப் போகும் முன் பிள்ளைகளோடு பழகுகிறவர்களின் பின்னணியைச் சரிபார்த்துத் தரும் 'வொர்க்கிங் வித் சில்ட்ரன் செக்' எடுத்து வையுங்கள். தொண்டர்களுக்கு இலவசம், ஐந்து ஆண்டு செல்லும். வீட்டில் செய்த தின்பண்டத்தை மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள், இதில் யாரும் விளையாட மாட்டார்கள். தொட்டி மண் மூட்டையைப் பிரிக்கும்போது நனைத்து, முகக்கவசம் போட்டுப் பிரியுங்கள். அதில் நுரையீரலைத் தாக்கும் லெஜியனெல்லா கிருமி இருக்கலாம் என்று மூட்டையிலேயே எழுதியிருக்கும்.

சனிக்கிழமைக்கு மூடிய காலணி, கையுறை, மகனுக்குத் தொப்பி. சாசேஜ் வேண்டாம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சோளம் சுட்டு வைப்பார்கள். நடுவதற்கு என்ன வேண்டும் என்று உங்களைக் கேட்டால், என் பெயரைச் சொல்லாமல் பிராட் பீன்ஸ் என்று சொல்லிப் பாருங்கள்.