இடம் போதாத மாடிக்கு எந்த பீம்? 20 மீட்டர் பேண்டில் (14 மெகாஹெர்ட்ஸ்) பேசும் ஹாம்களின், அதாவது அமெச்சூர் ரேடியோக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

மொட்டை மாடி 9 மீட்டருக்கு 7 மீட்டர். 14 மெகாஹெர்ட்ஸுக்குச் சுழலும் பீம், அதாவது அலையை ஒரு திசைக்குக் குவித்து வீசும் ஆண்டெனா, வைக்க வழி உண்டா?

உண்டு. முழு அளவு யாகி பீமில் எலிமென்ட் எனும் நேர்க்கம்பிகள் இரண்டு: கேபிள் சேரும் டிரைவர், அதன் பின்னால் நின்று அலையை முன்னே திருப்பும் ரிஃப்ளெக்டர். ரிஃப்ளெக்டர் மட்டுமே 10.6 மீட்டர் வரும். அது சுழல நடுக்கம்பத்திலிருந்து 5.5 மீட்டர் ஆரம் தேவை. இரு எலிமென்ட்டின் நுனிகளையும் ஒன்றையொன்று நோக்கி மடக்கிய மாக்ஸன் செவ்வகத்துக்கு 4.1 மீட்டர் போதும், அறுகோணச் சட்டத்தில் கம்பி கட்டிய ஹெக்ஸ்பீமுக்கு 3.3 மீட்டர் போதும். உங்கள் மாடியின் குறுகிய பக்கத்தில் நடுவிலிருந்து 3.5 மீட்டர்தான் கிடைக்கிறது. எல்லைக்குள்ளேயே நிற்க வேண்டுமென்றால் ஹெக்ஸ்பீம்தான் சரி. வெளியே நீளும் அறுபது சென்டிமீட்டர் உங்கள் சொந்த முற்றத்தின் மேல்தான் என்றால் மாக்ஸனையே வையுங்கள். செலவு குறைவு, கட்டுவதும் எளிது. எதை வைத்தாலும், கம்பம் அடியோடு சாய்ந்தால்கூட மின்வாரியக் கம்பிமேல் விழாத தூரம் இருக்கிறதா என்பதை முதலில் அளந்துகொள்ளுங்கள்.

கடையில் 5 மீட்டர் எலிமென்ட் உள்ள, குறைந்த நீளத்தை ஈடுகட்டக் காயில் (கம்பிச் சுருள்) வைத்த மினி பீம் கிடைக்கிறது. அதை வாங்கினால் வேலை முடிந்துவிடுமே?

வேலை முடியும், ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. எலிமென்ட்டின் நடுவில்தான் மின்னோட்டம் அதிகம். அலையை வீசுவதில் பெரும்பங்கு அந்தப் பகுதிக்குத்தான். அங்கே கம்பியைக் குறைத்துக் காயிலை வைத்தால் கதிர்வீச்சு மின்தடை (அலையாக வெளியேறும் பவரைக் குறிக்கும் அளவு) விழும், காயிலின் இழப்பு மேலோங்கும். ஒரு கணக்கு: காயில் ஒன்றின் ரியாக்டன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு) 400 ஓம், கியூ (ரியாக்டன்ஸுக்கும் இழப்புத் தடைக்கும் உள்ள விகிதம்) 200 என்றால் இழப்புத் தடை 2 ஓம். நடுவை ஒட்டி இரண்டு காயில், ஆக 4 ஓம். கதிர்வீச்சு மின்தடை 12 ஓம் என்று வைத்துக்கொண்டால், கொடுத்த பவரில் கால் பங்கு காயிலைச் சூடாக்கவே போய்விடும். அது 1.2 டெசிபல் இழப்பு. ரிஃப்ளெக்டர் காயில்களின் இழப்பை இதில் சேர்க்கவில்லை. இரண்டு எலிமென்ட் பீம், நடுவில் ஊட்டும் ஒற்றைக் கம்பியான டைபோலைவிடக் கூடுதலாகத் தருவதே ஏறக்குறைய 4 டெசிபல்தான்.

அதனால் எலிமென்ட்டைக் குறுக்கத்தான் வேண்டுமென்றால் நுனியை மடக்குங்கள், நடுவை நேராக விடுங்கள். நுனியில் மின்னோட்டம் மிகக் குறைவு, மடக்குவதால் பெரிய நஷ்டமில்லை. மாக்ஸன், ஹெக்ஸ்பீம் இரண்டும் இந்த வழியில் வந்தவை. காயில் பீம்தான் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டால், காயில் நடுவிலிருந்து தள்ளி, வெளிப்பக்கம் இருக்கும் மாதிரியை, நுனியில் கெபாசிட்டி ஹேட் (நீளத்தை ஈடுகட்டும் குறுக்குக் கம்பிகள்) உள்ளதாகப் பார்த்து எடுங்கள்.

மாக்ஸனைச் சொந்தமாகக் கட்ட அளவுகள் வேண்டும்.

14.175 மெகாஹெர்ட்ஸுக்கு, உறையில்லாத 2 மில்லிமீட்டர் செப்புக் கம்பியில்:

அகலம் 7.71 மீட்டர். டிரைவரின் மடக்கிய வால் ஒவ்வொன்றும் 1.17 மீட்டர், ரிஃப்ளெக்டரின் வால் ஒவ்வொன்றும் 1.43 மீட்டர். எதிரெதிர் வால் நுனிகளுக்கு நடுவே இடைவெளி 20 சென்டிமீட்டர். முன்பின் ஆழம் 2.80 மீட்டர். டிரைவர் கம்பி மொத்தம் 10.05, ரிஃப்ளெக்டர் 10.57 மீட்டர். தாங்கும் கை நான்கு, ஒவ்வொன்றும் 4.1 மீட்டர். ஃபைபர் தூண்டில் கம்பு நல்லது. முற்றிய மூங்கிலும் தாங்கும், ஆனால் வருடம் ஒருமுறை வார்னிஷ் அடிக்க வேண்டும்.

பலரும் சறுக்குவது அந்த 20 சென்டிமீட்டர் இடைவெளியில். பின்பக்கச் சத்தத்தை அடக்குவது அந்த இடத்தில் கம்பிகள் தொடாமலே நடக்கும் மின்னிணைப்புதான். காற்றில் கை வளைந்து இடைவெளி மாறினால் முன்பின் விகிதமும் மாறும். ஆகவே நுனிகளை வெறும் கயிற்றால் கட்டாதீர்கள். அக்ரிலிக் பட்டையிலோ ஃபைபர் குச்சியிலோ 20 சென்டிமீட்டர் தள்ளி இரண்டு துளை போட்டு, இரு கம்பிகளையும் அதில் பூட்டுங்கள். நுனியில் வோல்டேஜ் அதிகம். நனைந்த மூங்கிலில் கம்பி நேராகப் பட்டால் மழையன்று எஸ்.டபிள்யூ.ஆர். (ஆண்டெனா ஏற்காமல் திருப்பும் பவரைக் காட்டும் அளவு; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) குதிக்கும்.

வீட்டு ஒயரிங்குக்கான பி.வி.சி. உறைக் கம்பியை மேலே சொன்ன அளவிலேயே வெட்டினால் ரெசொனன்ஸ் (ஆண்டெனா ஒத்திசையும் அதிர்வெண்) ஏறக்குறைய 400 கிலோஹெர்ட்ஸ் கீழே, பேண்டுக்கு வெளியே போய் நிற்கும். அகலத்தையும் வால்களையும் 3 சதவீதம் குறைத்துத் தொடங்குங்கள். இடைவெளியை மட்டும் அப்படியே விடுங்கள்.

ஊட்டுமுனை (டிரைவரில் கேபிள் சேரும் இடம்) 50 ஓமை ஒட்டியே வருவதால் மேட்சிங் எதுவும் வேண்டாம், ஆனால் சோக் (கேபிளின் வெளியுறையில் மின்னோட்டம் ஓடாமல் தடுக்கும் சுருள்) கட்டாயம். எஃப்.டி.240-31 ஃபெரைட் வளையத்தில் ஆர்.ஜி.-58 கேபிளைப் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றி ஊட்டுமுனையிலேயே வையுங்கள். அது இல்லாவிட்டால் கேபிளின் வெளியுறையும் ஆண்டெனாவாகிவிடும், பீமின் திசைக்கூர்மை கெடும்.

என் குறுக்கிய பீமில் 14.000 முதல் 14.350 வரை எங்கும் எஸ்.டபிள்யூ.ஆர். 1.3-ஐத் தாண்டவில்லை. அருமையான ஆண்டெனாதானே?

காயில் வைத்த சின்ன பீம் என்றால் சந்தேகப்படுங்கள். இழப்பு குறைவான அத்தகைய பீம் 2-க்குள் நிற்பது சுமார் 100 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குத்தான். எங்கும் தட்டையாக இருந்தால் பவர் எங்கோ சூடாகிக்கொண்டிருக்கிறது. அது காயிலாக இருக்கலாம், ஆக்சைடு படிந்த அலுமினிய இணைப்பாக இருக்கலாம், நீளமான கேபிளாகவும் இருக்கலாம். 30 மீட்டர் ஆர்.ஜி.-58 இந்த பேண்டில் 1.7 டெசிபல் அளவுக்குத் தின்றுவிடும். ஆண்டெனாவில் எஸ்.டபிள்யூ.ஆர். 3 இருந்தால்கூட ரேடியோ பக்கம் 2 என்றுதான் காட்டும். ஊட்டுமுனையிலேயே எஸ்.டபிள்யூ.ஆர். அளக்கும் அனலைசரை வைத்து அளந்தால் உண்மை தெரியும். கேபிளை ஆர்.ஜி.-213-க்கு மாற்றினால் இழப்பு பாதியாகும்.

15, 10 மீட்டர் பேண்டுகளும் வேண்டும்.

ஹெக்ஸ்பீம். தலைகீழாக விரிந்த குடைபோன்ற ஒரே சட்டத்தில் 20, 17, 15, 12, 10 ஐந்தும் அடங்கும். காயிலும் இல்லை, ட்ராப்பும் (பேண்டுகளைப் பிரிக்கும் காயில்-கெபாசிட்டர் இணை) இல்லை, ஒரே கேபிள். ரிஃப்ளெக்டர் வெளிவட்டத்தை ஒட்டிச் செல்லும் பிரிட்டிஷ் ஹாம் ஸ்டீவ் ஹன்ட்டின் வடிவத்தையே கட்டுங்கள். பழைய டபிள்யூ வடிவ ரிஃப்ளெக்டரில் பேண்ட் அகலம் குறைவு. கெயின் (முன்திசையில் கிடைக்கும் கூடுதல் வலிமை) மாக்ஸனைவிட ஒரு துளி குறையும், அது காதுக்குத் தெரியாது.

தரையிலிருந்து 6 மீட்டர் உயரம்தான் முடியும். பீம் தேவையா?

அந்த உயரத்தில் 20 மீட்டர் பீமின் பெரும்பகுதி அலை வானத்தை நோக்கியே போகும், தூரத் தொடர்புக்கு உதவாது. அரை அலைநீளம், அதாவது 10 மீட்டராவது வேண்டும். இரண்டு மாடி வீட்டின் மேல் 5 மீட்டர் ஜி.ஐ. பைப் நட்டால் அது கிடைத்துவிடும். பீமை அவ்வளவு உயரத்துக்கு ஏற்ற முடியாதென்றால் பீமுக்கான பணத்தைக் கம்பத்தில் போடுங்கள். 12 மீட்டரில் நிற்கும் சாதாரண டைபோல், 6 மீட்டரில் தொங்கும் பீமுக்குச் சளைக்காது.

சென்னையிலிருந்து எந்தத் திசைக்குத் திருப்புவது?

பூமியின் மேல் மிகக் குறுகிய வழியான பெரிய வட்டப் பாதையில், வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றாக அளந்தால், லண்டன் 320 பாகை, டோக்கியோ 56, சிட்னி 128, நியூயார்க் 337. இரண்டு எலிமென்ட் பீமின் முன்கதிர் அகலமானது, பத்துப் பாகை பிசகினால் ஒன்றும் குறையாது. அதனால் விலை உயர்ந்த ரொட்டேட்டர் (பீமைத் திருப்பும் மோட்டார்) இல்லாமல் கையாலும் திருப்பலாம்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் என்ன செய்ய?

கம்பத்தின் அடியில் கீல் வைத்து நடுங்கள். புயல் எச்சரிக்கை வந்ததும் இருவராகச் சாய்த்துப் படுக்க வைத்து, பீமின் கைகளைக் கைப்பிடிச் சுவரோடு கட்டிவிடலாம். நிமிர்ந்தே நிற்க வேண்டிய கம்பத்துக்கு மூன்று திசையில் ஸ்டே (இழுத்துக் கட்டும் கம்பி) போடுங்கள். இரும்புக் கம்பி ஸ்டே பீமுக்கு அருகே போனால் அளவுகளைக் கெடுக்கும், மேல்பகுதிக்குப் பாலியெஸ்டர் கயிறு நல்லது. கடலோரத்தில் நட்டும் போல்ட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். இடி கேட்பதற்கு முன்பே கோஆக்ஸை (ஆண்டெனா கேபிளை) ரேடியோவிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள்.