பூச்சியும் பூச்சியமும்: பீடை ஆய்வு பற்றிய வாசகர் கேள்விகள்

மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. பீடை ஆராய்ச்சிக்குப் போக ஆசைப்படுகிறாள். கணிதம் எடுக்காதது தடையா? (ஒரு தாய், வெள்ளவத்தை)

தடையில்லை, பிறகு படித்துக்கொள்ளலாம். வழி இரண்டு. ஒன்று விவசாய பீடம்: பேராதனை, வந்தாறுமூலை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி வளாகம். மற்றது கொழும்பு விஞ்ஞான பீடத்தில் விலங்கியல். முதலாவதில் பயிரும் வயலும் பழகும், இரண்டாவதில் பூச்சியின் உடலும் வகைப்பாடும் பிடிபடும். பூச்சியின் பெருக்கத்தைக் கணக்கால் காட்டும் மாதிரியாக்கத்துக்கு நுண்கணிதத்தின் தொடக்கமும் புள்ளிவிபரவியலும் போதும். புள்ளிவிபரக் கணிப்புக்கான 'ஆர்' மென்பொருளில் முதலாம் வருடமே கைவைக்கட்டும். பட்டத்துக்குப் பின் ஆய்வு உதவியாளர் வேலை, அதன்மேல் பேராதனையில் பட்டப்பின்படிப்பு. ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவையுங்கள்: இந்த வேலையில் பாதிக்கு மேல் வெயிலில் குனிந்து நின்று எண்ணுவதுதான்.

சோளத்தைத் தின்னும் சேனா படைப்புழுவின் ஒரு தலைமுறைக்கு ஒரு கணக்கில் 25 நாள் வருகிறது, இன்னொன்றில் 21. எங்கே பிழை? (மாணவர், கொழும்பு 7)

பாகை-நாள் கணக்கில், அதாவது பூச்சி வளர நாள்தோறும் கிடைக்கும் வெப்பத்தைக் கூட்டிப் பார்ப்பதில், அடிக்கடி நடக்கும் கலப்படம் இது. உச்ச வெப்பநிலை 32, இழிவு 25 என்றால் சராசரி 28.5. முட்டையிலிருந்து அந்துப்பூச்சி வரையான வளர்ச்சிக்கு அடி வெப்பநிலை (இதற்குக் கீழே வளர்ச்சி நின்றுவிடும்) ஏறக்குறைய 12.6 பாகை, மொத்தத் தேவை ஏறக்குறைய 392 பாகை-நாள். 28.5-இல் 12.6-ஐக் கழித்தால் நாளொன்றுக்கு 15.9. 392-ஐ அதனால் வகுக்க 25 நாள் வரும். நீங்கள் 392-ஐ அப்படியே வைத்துக்கொண்டு, வேறொரு கட்டுரையிலிருந்து அடி வெப்பநிலை 10-ஐ எடுத்திருப்பீர்கள். 18.5-ஆல் வகுத்தால் 21 நாள்தான் வரும். இரண்டு எண்களும் ஒரே பரிசோதனையில் பிறந்த சோடி. பிரித்தெடுத்தால் இரண்டும் பொய்.

இன்னும் மூன்று இடத்தில் சறுக்கும். கொழும்பு வானிலை நிலையத்தின் தரவை அம்பாறைச் சோளத்துக்குப் போடக்கூடாது. அம்பாறையின் பகல் வெயில் வேறு, 32 பாகைக்கு மேல் வளர்ச்சி நேர்கோட்டில் கூடவும் மாட்டாது. இரண்டாவது, கோப்பில் விடுபட்ட நாளுக்கு -99 என்று போட்டிருப்பார்கள். அதை நீக்காமல் கூட்டினால் புழு பின்னோக்கி வளரும்! மூன்றாவது தொடக்க நாள். குளிர்நாட்டில் பனிக்காலம் முடிவதிலிருந்து எண்ணலாம். நமக்கு அந்த வசதி இல்லை, தலைமுறைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். ஆகவே பொறியில் முதல் அந்துப்பூச்சி விழுந்த நாளையோ குருத்தில் முதல் முட்டைக்கூட்டம் கண்ட நாளையோ தொடக்கமாகக் கொள்ளுங்கள்.

எக்செலில் இரை–இரைகௌவி மாதிரி போட்டேன். ஊசலாட்டம் சுற்றுக்குச் சுற்று பெருகிக் கடைசியில் வெடிக்கிறது. புத்தகத்தில் அப்படி இல்லையே? (தெகிவளை)

இரை–இரைகௌவிக்கான அடிப்படை மாதிரியான லொட்கா–வொல்ட்டெரா சமன்பாட்டில் ஊசலாட்டம் ஒரே அளவில் சுழல வேண்டும். பெருகினால் குற்றம் சமன்பாட்டில் இல்லை, உங்கள் கால அடியில், அதாவது கணக்கு ஒரு தடவையில் தாவும் கால இடைவெளியில் இருக்கிறது. "இன்றைய அளவு + இன்றைய மாற்றம்" என்று கலத்துக்குக் கலம் இழுப்பது ஒய்லர் முறை. ஒவ்வொரு அடியிலும் அது சிறிது வெளியே தள்ளும். அடியை 1 நாளிலிருந்து 0.01 ஆக்கிப் பாருங்கள், பெருக்கம் வெகுவாகக் குறையும். 'ஆர்' மென்பொருளில் இத்தகைய சமன்பாடுகளைத் தீர்க்கும் 'டீசால்வ்' பொதியை எடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

புழுவில் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவியை மாதிரியாக்குகிறீர்கள் என்றால் கதை வேறு. அதற்கென 1935-இல் வந்த நிக்கொல்சன்–பெய்லி மாதிரி தன்னியல்பிலேயே வெடிப்பதுதான். எல்லாப் புழுவையும் குளவி ஒரே சாத்தியத்தில் கண்டுபிடிக்கும் என்ற அதன் எடுகோளே காரணம். உண்மையில் குருத்தின் மடிப்புக்குள் சில புழு தப்பிக்கும். அந்த மறைவிடத்தைச் சேர்த்தால் மாதிரி அடங்கக்கூடும்.

வீட்டுப் பப்பாசியில் மாவுப்பூச்சி. மருந்தடிக்கலாமா? (கொட்டாஞ்சேனை)

பொறுங்கள். 2008-இல் இங்கே புகுந்த பப்பாசி மாவுப்பூச்சியை, அடுத்த வருடம் கொண்டுவரப்பட்ட அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவிதான் அடக்கியது. வில்லை எடுத்து இலையடியைப் பாருங்கள். உப்பிக் காய்ந்து, வட்டத் துளை விழுந்த மாவுப்பூச்சிக் கூடுகள் இருந்தால் குளவி வேலையில் இருக்கிறது. பீடைகொல்லி அடித்தால் அதுவும் சாகும். மரத்தில் ஏறும் எறும்பை மட்டும் தடுங்கள், மாவுப்பூச்சிக்குக் காவல் அதுதான்.

பூச்சி இல்லாத செடிகளையும் எழுதத்தான் வேண்டுமா? (ஆய்வு மாணவி)

கட்டாயம். பத்துச் செடியில் 0, 0, 1, 0, 14, 0, 0, 5, 0, 0 என்று வைப்போம். சராசரி 2. பூச்சியங்களை விட்டால் 6.7, அதை நம்பி மருந்தடிக்கச் சொல்லிவிடுவீர்கள். எண்கள் எவ்வளவு சிதறியுள்ளன என்று காட்டும் மாறற்றிறனோ 20, அதாவது சராசரியின் பத்து மடங்கு. பூச்சி கூட்டமாக இருப்பதன் அடையாளம் இது. ஆகவே தற்செயலான சிதறலுக்குரிய பொய்சோன் பரம்பல் வேண்டாம், கூட்டமாக இருப்பதற்குப் பொருந்தும் எதிர்மறை ஈருறுப்புப் பரம்பலைப் பொருத்துங்கள். பார்த்தும் இல்லையென்றால் 0, பார்க்கவே இல்லையென்றால் ஒரு கோடு. தாளில் இரண்டையும் வெற்றிடமாக விட்டால் மாலையில் எது எதுவென்று உங்களுக்கே தெரியாது.